பல்லுக்கொழுக்கட்டை அன்று கேட்ட சத்தம்

முத்தையன்கட்டு இடதுகரை,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

என் அன்பு மகள் சுதாஜினிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் வற்றாப்பளை அம்மன் புண்ணியத்தில் எழும்பி நடமாடித் திரிகிறோம், நீயும் மூத்தவள் ஆரணியும் சின்னவனும் அந்தச் சுவிஸ் குளிருக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்பதைத்தான் காலையில் விபூதி பூசும்போது முதலில் கேட்கிறேன், மருமகன் ஜனார்த்தனனும் சுகமாக இருக்கட்டும். கையில் போன் இருக்க இந்த மனுசன் ஏன் கடதாசியும் பேனையும் எடுத்தது என்று நீ யோசிப்பாய். எனக்கு வாய் திறக்க ஏலாது பிள்ளை, அது ஒன்று, அதைக் கீழே விவரமாக எழுதுகிறேன். மற்றது, போனில் நான் கதைப்பது உனக்கு மட்டும் கேட்பதில்லை. நீ ஹலோ சொல்லுமுன்னம் பக்கத்தில் மருமகன் தொண்டையைச் செருமுவது எனக்குக் கேட்கும். ஆகையால் இதை அவர் வேலைக்குப் போனபிறகு தனியே இருந்து வாசி. மாங்குளத்தில் உன்னோடு ஏ.எல். படித்த பிரேமிளா, வீரம்மாவின் மகள், புருசனிடம் சுவிசுக்கு வருகிறாள், அவள் இருக்கப்போகிற இடத்திலிருந்து உன் வீடு கொஞ்ச நேர ரயில் ஓட்டம்தானாம். உன் கையில்தான் கொடுக்கவேண்டும், வேறு யார் வந்து கேட்டாலும் கொடுக்கக்கூடாது என்று அவளிடம் எழுதிக் காட்டியிருக்கிறேன். அம்மா வறுத்து அரித்துத் தந்த அரிசிமாப் பைக்குள் இதைப் பொலித்தீனில் சுற்றி வைத்திருக்கிறேன். மாப்பைக்குள் கைவிடுகிற ஆம்பிளையை நான் இன்னும் காணவில்லை, மருமகனுக்குப் பிட்டுத் தின்ன ஆசை வந்தாலும் உன்னைத்தானே அவிக்கச் சொல்வார். நான் எழுதியது அம்மாவுக்குத் தெரியாது.

ஊர்ப் புதினம் கொஞ்சம் சொல்கிறேன், இல்லாவிட்டால் கிழவன் கடிதம் எழுதவில்லை, பொலிசுக்கு முறைப்பாடு எழுதியிருக்கிறான் என்று நினைப்பாய். கார்த்திகை வெள்ளம் தின்றதுபோக மிஞ்சிய நெல்லை மிஷின் விட்டு வெட்டி முடித்தோம், வீட்டுச் சோற்றுக்குக் காணும். ஆனைக்கு நான் போட்ட வேலி வேலியாகவே தெரியவில்லை, வாழைக்குள் வந்து குருத்தையெல்லாம் உரித்துத் தின்றுவிட்டு, சாத்தி வைத்திருந்த என் சைக்கிளையும் மிதித்துவிட்டுப் போயிருக்கிறது. அம்மா அதைப் பார்த்து, ஆனைக்கும் உங்களில என்னவோ கோவம் எண்டு சொல்லிச் சிரிக்கிறாள், சைக்கிள் போன கவலை அவளுக்கு இல்லை. சோளகக் காற்று அடிக்கிற அடியில் கண் முழுக்க மண். இந்தச் சிறுபோகம் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணி விடவில்லை, வயல் வெடித்துப்போய்க் கிடக்கிறது. ஏன் விடவில்லை என்று கேள், அதுதான் என் வாயின் கதை. குளத்துத் தண்ணி எந்த வாய்க்காலுக்கு என்று முடிவெடுக்கிற கமக்காரர் கூட்டம் பங்குனியில் நடந்தது. நான் எழும்பிக் கதைக்கத் தொடங்கினால் லேசில் இருக்கமாட்டேன் என்று ஊருக்கே தெரியும். நல்லாய்க் கிழித்து வாங்குவதென்று எழும்பினேன். முதல் சொல்லுக்கு வாயைத் திறந்தேன், காதுக்குக் கீழே டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், ஒரு விரல் மட்டும் நுழைகிற அளவில் வாய் பூட்டிக்கொண்டது. அதற்குமேல் திறக்கவே இல்லை. கண்ணில் பூச்சி பறந்தது. கையைக் காட்டினேன், தலையை ஆட்டினேன். தலைவர் என்னைப் பார்த்துவிட்டு, கனகலிங்கண்ணையும் ஓமெண்டு தலையாட்டுறார், பிறகென்ன கதை எண்டு சொல்லித் தீர்மானத்தை எழுதி முடித்துவிட்டார். ஒருவரும் மறுத்துக் கதைக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் அத்தனை பேர் இருந்தார்கள் பிள்ளை, என் வாய் பூட்டியிருக்கிறது என்று ஒருத்தருக்குக்கூட விளங்கவில்லை.

இது அன்று வந்த வருத்தமில்லை. நான் நித்திரையில் நறநறவென்று பல்லு நெருமுகிறவன் என்பது உனக்குத் தெரியாது, நீ சின்னப்பிள்ளை, படுத்தால் அசையாமல் கிடப்பாய். செட்டிகுளம் முகாமில் இருந்தபோது பக்கத்துக் கொட்டில் அமராவதியக்கா விடியவே வந்து, ஞானேசு, உன்ரை மனுசன் நித்திரையில குரக்கன் அரைக்கிறார், எங்களுக்கும் ஒரு பிடி மா தாவன் எண்டு பகிடி விடுவா. அம்மாவுக்கு வெட்கம். வயிற்றில் பூச்சி என்று முடிவுகட்டி எனக்குப் பூச்சிமருந்து தந்தாள், ஊருக்குத் திரும்பி வந்தபிறகும் தந்தாள், எத்தனை முறை குடித்தேன் என்று கணக்கில்லை, இருந்த பூச்சியெல்லாம் செத்தபிறகும் சத்தம் நிற்கவில்லை. பிறகு, பல்லு நெருமுறது வீட்டுக்குக் கூடாது, ஏதோ ஒண்டைக் கூப்பிடுது எண்டு பயந்து தலையணைக்குக் கீழே விபூதிப் பொட்டலம் வைத்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, நான் படுத்தேன் எழும்பினேன், அவ்வளவுதான். காலையில் கன்னப்பொறி இடிக்கும், வெயில் என்று நினைப்பேன். காதுக்குள் குத்தும், நல்லெண்ணெயில் உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சி விடுவேன். காதில் ஒன்றுமே இருக்கவில்லை, நோவு இருந்தது தாடை மூட்டில். வாயைத் திறந்து மூடும்போது பழைய கதவுப் பிணைச்சல் மாதிரி டக் டக் என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது, அதையும் வயசு என்று விட்டேன். மாங்குளம் சந்தியில் கச்சான் கடலை வாங்கினால் ஒரு பக்கத்தால்தான் சப்புவேன். குளிர்தண்ணி பட்டால் பல்லு உச்சிவரைக்கும் கூசும். இதெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது என்று எனக்கு யார் சொல்லித் தருவது.

கூட்டத்துக்குப் பிறகுதான் முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பல்லு டொக்டர் ஒரு இளம்பிள்ளை, உன் வயது இருக்கும். என் கையில் கண்ணாடியைத் தந்து, பாருங்கோ ஐயா, நீங்கள் உங்கடை பல்லை நீங்களே தின்னுறியள் எண்டு சொன்னாள். பார்த்தேன். முன்பல்லெல்லாம் வாளால் அரிந்த மாதிரி ஒரே மட்டம், பாதி உயரம்தான் இருக்கிறது, வெள்ளை போய் உள்ளே இருக்கிற மஞ்சள் தெரிகிறது. உள்ளே அரைக்கிற கொடுப்புப் பல்லில் ஒன்று குறுக்கே வெடித்திருந்தது. பல்லு கட்டையாகப் போனதால் முகமும் கட்டையாகப் போய்விட்டதாம், மூக்கும் நாடியும் கிட்ட வந்து கடைவாய் இரண்டும் கீழே தொங்குகிறது, அதுதான் நான் சும்மா இருந்தாலும் கோபமாக இருக்கிறேன் என்று எல்லோரும் நினைக்கிறார்களாம். பிறகு என் கையைப் பிடித்துக் காதுக்குக் கீழே கன்னத்தில் என் விரலை வைத்து, கடியுங்கோ எண்டாள். கடித்தேன். கன்னத்துத் தசை கல்லு மாதிரித் திரண்டு நிற்கிறது, இது வேலை செய்து செய்து வளர்ந்த தசை, நீங்கள் நித்திரை, இது மட்டும் முழிப்பு எண்டாள். மூட்டுக்குள் இருக்கிற சவ்வு இடம் விலகிப்போனதால்தான் வாய் பூட்டிக்கொள்கிறதாம். அதன்பிறகு அம்மாவைப் பார்த்து, அம்மா, நீங்கள் கொஞ்சம் வெளியில இருங்கோ எண்டாள். அம்மாவுக்கு முகம் விழுந்துபோனது, ஆனாலும் போனாள். கதவைச் சாத்திவிட்டு வந்து, ஐயா, என்னத்தை யோசிச்சுக்கொண்டு படுக்கிறனீங்கள் எண்டு கேட்டாள். பல்லுப் பார்க்கிற உனக்கு ஏன் அது என்று கேட்க எனக்கு நாக்கு நுனிவரைக்கும் வந்தது, வாய்தான் திறக்காதே. அவள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்ட இருந்தாள். நான் அந்த ஒரு விரல் இடைவெளிக்குள்ளால் சொல்லத் தொடங்கினேன். என்ன சொன்னேன் என்பது உனக்கு வேண்டாம், அது எனக்கும் அந்தப் பிள்ளைக்கும். அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு சொல்லும் வந்திராது, அதை மட்டும் மனதில் வைத்துக்கொள், கீழே அதற்கு வேலை இருக்கிறது. பிறகு பல்லுக்கு அச்செடுத்து, படுக்கும்போது போட ஒரு பிளாஸ்டிக் உறை செய்து தந்தார்கள், மாட்டு லாடம் மாதிரி இருக்கும். மறுமுறை கொண்டுபோய்க் காட்டினபோது அதில் பள்ளம் பள்ளமாகக் கிடங்கு விழுந்திருந்தது. இதெல்லாம் உங்கடை பல்லில விழுந்திருக்கவேண்டிய கிடங்கு எண்டு சொன்னாள். தேய்ந்த பல்லு திரும்ப வளராது ஐயா, இனித் தேயாமல் பாக்கத்தான் ஏலும் எண்டும் சொன்னாள். இப்போது கஞ்சி, தேங்காய்ப்பால் சொதியில் ஊறப்போட்ட இடியப்பம், இதுதான் என் சாப்பாடு.

இனி உன் கதைக்கு வருகிறேன். சின்னவனுக்கு முதல் பல்லு முளைத்து நீங்கள் கொழுக்கட்டை கொட்டின அன்று எங்களுக்கும் போனில் காட்டினீர்கள், அம்மா அதற்கென்று புதுச்சேலை கட்டிக்கொண்டு போனுக்கு முன்னால் இருந்தாள், அங்கே விழாவுக்கு வந்தவர்கள் என்னவோ அவளைத்தான் பார்க்கப்போகிற மாதிரி. வெள்ளைத் துணிக்குள் அவனை இருத்தி, கொழுக்கட்டை தலையில் விழ விழ அவன் சிரித்தது எனக்கும் சந்தோசம்தான். தேங்காய்ச்சொட்டைப் பல்லுப்பல்லாக நீ அழகாக வைத்திருந்தாய். பிள்ளை எதை எடுக்கிறானோ அதுதான் அவன் வருங்காலம் என்று முன்னுக்கு வைத்த தட்டில் புத்தகம், பேனை, சீப்பு, கண்ணாடி, காப்பு எல்லாம் இருந்தன, சின்னவன் கையை நீட்டிச் சீப்பை எடுத்தான். எடுத்தால் எடுக்கட்டுமே, சீப்பை எடுத்தவன் என்ன கெட்டா போய்விட்டான். மருமகன் அதைப் பறித்துவிட்டுப் பேனையைத் திணித்தார். அவன் பேனையை எறிந்துவிட்டு மறுபடி சீப்புக்குப் போனான். மறுபடி பறித்தார். நீ, விடுங்கோவன், பிள்ளை தன்ரை பாட்டில எடுக்கட்டும் எண்டு சொன்னாய், சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அவர் உன்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தது மட்டும்தான்.

அந்த நேரம் உன் காதுக்குக் கீழே தசை திரண்டு எழும்பி நின்றதை நான் கண்டேன். அந்த டொக்டர்ப் பிள்ளை என் கையைப் பிடித்து என் கன்னத்தில் தொட்டுக் காட்டின அதே இடம். முகம் சிரிக்கிறது, தாடை கடித்துக்கொண்டிருக்கிறது. பிறகுதான் உன் முகத்தை நல்லாய்ப் பார்த்தேன், கலியாணப் படத்தில் உனக்கு வெற்றிலை மாதிரி முகம், இப்போது இரண்டு பக்கமும் அகன்று சதுரமாக வந்திருக்கிறது. மெலிந்திருக்கிறாய், கன்னம் மட்டும் தடித்திருக்கிறது. அவர் ஒரு கொழுக்கட்டையை எடுத்து, இந்தா நீ சாப்பிடு, வாய் சும்மா இருக்கட்டும் எண்டு உன் வாய்க்குள் வைத்தார், நின்றவர்கள் எல்லோரும் அதைப் பாசம் என்று நினைத்துச் சிரித்தார்கள். நீ கடித்தாய். தேங்காய்ச்சொட்டு கடிபட்டிருக்கவேண்டும், உன் கை பறந்துபோய்த் தாடையைப் பிடித்தது. வாய் பாதியில் நின்றது. பெருவிரலால் காதுக்குக் கீழே அமத்திக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாய். அமத்துகிற இடம் உனக்குத் தெரிந்திருக்கிறது பிள்ளை, முதல்தரம் பூட்டினவளுக்கு அது தெரியாது, எனக்கும் முதல்தரம் தெரியவில்லை. நீ எழும்பின அசைவில் சாத்தி வைத்த போன் மல்லாக்க விழுந்துவிட்டது, பிறகு எங்களுக்கு வீட்டு முகடு மட்டும்தான் தெரிந்தது. மருமகனின் குரல் கேட்டது, வாயைத் திறந்தா இப்பிடித்தான், எத்தினை தரம் சொல்லியிருக்கிறன் எண்டு. அது பகிடிக் குரல் இல்லை. அதோடு இன்னொரு சத்தமும் கேட்டது. அதைக் கடைசியில் எழுதுகிறேன், இப்போது எழுதக் கை வரவில்லை.

அம்மா இதொன்றையும் காணவில்லை. சந்தோசத்தில் அழுது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள், போன் விழுந்தபிறகுதான், சுதா, என்னடி பிள்ளை, ஏன் படம் தெரியேல்லை எண்டு கத்தினாள். நான் கண்டதைக் கொப்பியில் எழுதிக் காட்டினேன். அவள், உங்களுக்கு வாய் நோ வந்த நாளிலயிருந்து ஆரைப் பாத்தாலும் பல்லுத்தான், குடும்பம் எண்டா ஆயிரம் இருக்கும், சும்மா இருங்கோ எண்டு ஏசிவிட்டு எழும்பிப் போய்விட்டாள். அடுத்த நாள் மருமகன் அந்த விழாவின் வீடியோ அனுப்பினார். கொழுக்கட்டை கொட்டுகிறது இருக்கிறது, தட்டு வைக்கிறது இருக்கிறது, சின்னவன் பேனையைப் பிடித்துக்கொண்டிருக்கிற படம் இருக்கிறது. சீப்பு இல்லை, நீ தாடையைப் பிடித்தது இல்லை. வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார். கலியாண வீட்டு வீடியோவிலும் வெட்டுகிறார்கள்தான், அதையும் நான் யோசித்துப் பார்த்தேன். ஆனால் அதற்கு முன்னமே ஒரு நாள் மருமகன் போனில், மாமா, உங்கடை மகள் நித்திரையில பல்லு நெருமுறா, எனக்குப் படுக்க ஏலாமல் கிடக்கு, வயித்தில பூச்சிபோல, அதுதான் ஹோலில ஆரணியோட படு எண்டு அனுப்பிப்போட்டன் எண்டு சிரித்துச் சிரித்துச் சொன்னார். நானும் அன்று சிரித்தேன், வாய் திறந்த அளவுக்கு. உனக்குப் பூச்சிமருந்து வாங்கித் தந்ததாகவும் சொன்னார். நாங்கள் செய்த பிழையைத்தான் அவரும் செய்கிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன். இப்போது யோசித்தால் வேறு மாதிரி வருகிறது. நீ முந்தி வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் இருந்து குரல் செய்தி அனுப்புவாய், அது நின்றது. வேலையும் நின்றது, ஏன் என்று கேட்டால் மருமகன்தான் மறுமொழி சொன்னார். படத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாய். சாப்பிட்டியோ என்றாலும் ஓமப்பா, சுகமோ என்றாலும் ஓமப்பா, குளிரோ என்றாலும் ஓமப்பா. என் மகள் இப்படிக் கதைக்கிறவள் இல்லை, நீ கதைக்கத் தொடங்கினால் நான் காதைப் பொத்துவேன் பிள்ளை.

நான் மருமகனில் பழி போடவில்லை. எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதமாட்டேன். தகப்பன் கேட்கிற கேள்வி இல்லை, ஆனாலும் கேட்கிறேன், உன்மேல் கை நீட்டுகிறாரோ? நான் பிழையென்றால், அப்பாவுக்கு விசர் முற்றிவிட்டது என்று பிரேமிளாவிடம் சொல்லி அனுப்பு, அதைக் கேட்டு இந்த ஊரில் என்னைவிடச் சந்தோசப்படுகிறவன் இருக்கமாட்டான். ஆனால் சரியென்றால் காத்திருக்காதே. நான் காத்திருந்து காத்திருந்துதான் ஒரு விரல் இடைவெளிக்கு வந்தேன். முதலில் அங்கே ஒரு பல்லு டொக்டரிடம் போ. உனக்கு அந்த மொழி இன்னும் சரிவரவில்லை என்று மருமகன் உனக்காகக் கதைக்க வருவார், வந்தால் உன் வாயில் என்ன இருக்கிறதென்று அவர் சொல்கிறதுதான் டொக்டருக்குக் கேட்கும். மொழிபெயர்க்க வேறு ஆளைக் கேள், பிரேமிளா தன் புருசனிடம் போனில் விசாரித்துச் சொன்னாள், கேட்டால் அங்கே ஆள் ஒழுங்குபடுத்தித் தருவார்களாம். கதவைச் சாத்தச் சொல். எனக்குக் கேட்ட கேள்வியை உனக்கும் கேட்டால், பல்லுக்கு மட்டும் மறுமொழி சொல்லிவிட்டு வராதே. அதுவரைக்கும் பாண் கரை, கச்சான், கடினமான ஒன்றும் தின்னாதே, சுடுதண்ணியில் துணியை நனைத்துக் கன்னத்தில் ஒத்தடம் பிடி, கொட்டாவி வந்தால் நாடியைக் கையால் தாங்கிக்கொள், ஒரு பக்கத்தால் மட்டும் சப்பாதே. பூச்சிமருந்தைக் குப்பையில் போடு. உன்னுடைய பாஸ்போட், பிள்ளைகளுடைய பாஸ்போட் எல்லாம் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார், உன் கைக்கு எட்டுகிற இடத்தில் வை. ஊர் என்ன சொல்லும் என்று அம்மா பயப்படுவாள், நீயும் பயப்படுவாய். ஊர் ஒரு மாதம் கதைக்கும், பிறகு ஆனை வந்ததைக் கதைக்கும். உன் அறைக்குள் இருந்த நெல்மூட்டையை நேற்று நானே இழுத்து விறாந்தையில் போட்டேன், ஏன் என்று அம்மா கேட்டாள், எலி என்று சொன்னேன்.

இனி அந்தச் சத்தம். போன் மல்லாக்கக் கிடந்தபோது நறநறவென்று ஒன்று கேட்டது. முதலில் அது நீதான் என்று நினைத்தேன், ஆனால் நீ வாய் பூட்டி எட்டத்தில் நிற்கிறாய், இது போனுக்குக் கிட்டக் கேட்கிறது. சின்னவனுக்கு இருக்கிறது ஒரு பல்லு, அதை எதோடு நெருமுவான். பிறகு போனை யாரோ தூக்கினார்கள், பார்த்தால் ஆரணி. மேசைக்குக் கீழே இருந்திருக்கிறாள் போல. அவள் என்னைப் பார்க்கவில்லை, கண் இரண்டும் தகப்பன் நின்ற பக்கம். அந்தச் சின்னக் கன்னத்தில், காதுக்குக் கீழே, அதே இடத்தில் தசை எழும்பி எழும்பி விழுகிறது. அம்மா இங்கே கத்தவும் திடுக்கிட்டு என்னிடம் திரும்பி, அம்மப்பா, சத்தம் போடாதேங்கோ, அப்பா ஏசுவார் எண்டு காதுக்குள் சொல்லுகிற மாதிரிச் சொன்னாள். சொல்ல வாய் திறந்தபோது பல்லைக் கண்டேன். முன்பால்பல் எல்லாம் ஒரே மட்டம், பிள்ளை. அரிந்த மாதிரி. என் வாய்க்கு முகாமும் முதுமையும் வேண்டியிருந்தது, அவளுக்கு இன்னும் ஒரு பல்லுக்கூட விழவில்லை. அதோடு போன் நின்றுவிட்டது.

பால்பல் விழுந்து வேறு முளைக்கும் என்று நீ உன்னைத் தேற்றிக்கொள்வாய், அதனால்தான் எழுதுகிறேன். புதுப்பல்லு வரும்போதும் அவள் அந்த மேசைக்குக் கீழேதான் இருப்பாள் என்றால் அதுவும் தேயும். ஒரு வேலை மட்டும் செய், இரவில் நீ அவளோடு படுத்தாலும் நீயும் நித்திரை, உனக்குக் கேட்டிருக்காது. பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் கண்ணயரும்போது பக்கத்தில் இரு, டிவியை நிற்பாட்டிவிட்டு உன் காதை அவள் கன்னத்துக்குக் கிட்ட வை. என்னுடைய சத்தம் எனக்குக் கேட்கவில்லை, உன்னுடையது உனக்குக் கேட்காது. அவளுடையது உனக்குக் கேட்கும். கேட்டபிறகு நான் உனக்கு ஒன்றும் சொல்லத் தேவையிருக்காது.

அம்மன் உன்னையும் இரண்டு குஞ்சுகளையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கவேண்டும், உனக்கு என்னுடைய ஆயுளும் சேரட்டும். வாசித்து முடித்ததும் இதைக் கிழித்துப் போடு, மாவை எறிந்துவிடாதே, அம்மா இடுப்பு நோவோடு வறுத்தது. மறுமொழியைப் பிரேமிளாவிடம் சொல்லிவிடு, போனில் வேண்டாம். எந்த நேரம் வந்தாலும் படலை பூட்டியிருக்காது.

இப்படிக்கு,
வாய் பூட்டினாலும் உன்னை நினைத்து ஓயாத
உன் அப்பா,
வே. கனகலிங்கம்